26 நாள் நாவலும் 3 வருஷத் தயாரிப்பும்

டெட்லைன் கதை எதை எடுத்தாலும் கடைசியில தஸ்தயேவ்ஸ்கிகிட்ட போய் நிக்கும். 1866 அக்டோபர்ல 26 நாள்ல 'சூதாடி' நாவலை முடிச்சார். அவர் சொல்லச் சொல்ல ஒரு இளம்பெண் சுருக்கெழுத்துல எழுதினார். நாவல் முடிஞ்சதும் ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. சுபம். மலையாளத்துல பெரும்படவம் ஸ்ரீதரன் இதை வச்சே 'ஒரு சங்கீர்த்தனம் போலே'ன்னு 1993-ல ஒரு நாவல் கொண்டுவந்தார். அங்கே பதிப்பு மேல பதிப்பா வித்த புத்தகம் அது.

காதல் கதையா இதை நிறைய பேர் சொல்லியாச்சு. 'மேதைடா, 26 நாள்ல முடிச்சுட்டான்'னு வாயைப் பிளக்குற கதையாவும் சொல்லியாச்சு. நான் சொல்ல வர்றது வேற. மென்பொருள் வேலையில இருக்குற யாருக்கும் ஒரு வியாதி உண்டு. 'இத்தனை நாள்ல முடிச்சாங்க'ன்னு யாராவது சொன்னா, உடனே 'எப்போலேர்ந்து எண்ண ஆரம்பிச்சீங்க?'ன்னு கேக்கத் தோணும். கோடு எழுதுன நாளை மட்டும் எண்ணுனா எல்லா ப்ராஜக்ட்டும் சின்ன ப்ராஜக்ட்தான் :-)

அந்தக் கேள்வியை இந்த நாவல்கிட்டயும் கேட்டுப் பாத்தேன். பதில் கொஞ்சம் நீளமா வருது. பொறுமையா படிங்க.

எதை வச்சு பந்தயம்?

முதல்ல, அந்த ஆளுக்கு எதுக்கு அவ்வளவு அவசரம்னு பாத்துடுவோம்.

1864 தஸ்தயேவ்ஸ்கிக்கு ரொம்ப மோசமான வருஷம். ஏப்ரல்ல முதல் மனைவி மரியா காசநோயில இறந்துபோறார். ஜூலையில அண்ணன் மிகயீலும் போயிடுறார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துன 'எபோஹா'ங்கிற பத்திரிகை அடுத்த வருஷம் மூடப்படுது. அண்ணனோட கடன், பத்திரிகையோட கடன், அண்ணன் குடும்பம், முதல் மனைவியோட பையன்னு எல்லாத்தையும் இவர் தன் தலையில எடுத்துப் போட்டுக்கிறார். கடன்காரங்க விட்டா ஜெயிலுக்கே அனுப்பியிருப்பாங்க. அந்தக் காலத்து ரஷ்யாவுல கடன் கட்டலைன்னா சிறைதான்.

இந்த நேரத்துல ஸ்டெல்லோவ்ஸ்கின்னு ஒரு பதிப்பாளர் வர்றார். 1865 கோடையில ஒப்பந்தம் ஆகுது. மூவாயிரம் ரூபிள். அதுக்குப் பதிலா, அதுவரைக்கும் தஸ்தயேவ்ஸ்கி எழுதுன எல்லாத்தையும் தொகுப்பா போட்டுக்குற உரிமை. கூடவே ஒரு புது நாவலும் தரணும். கெடு 1866 நவம்பர் 1. அளவு 12 ஃபாரத்துக்குக் குறையக் கூடாதுன்னு தஸ்தயேவ்ஸ்கியே ஒரு கடிதத்துல எழுதியிருக்கார். (அச்சகம் பக்கம் போகாதவங்களுக்கு: ஒரு ஃபாரம்னா பொதுவா 16 பக்கம்.)

கெடு தப்பினா? அடுத்த 9 வருஷத்துக்கு தஸ்தயேவ்ஸ்கி எது எழுதினாலும் ஸ்டெல்லோவ்ஸ்கி இஷ்டத்துக்கு அச்சடிச்சுக்கலாம். எழுதினவருக்கு ஒத்தை ரூபிள் தர வேண்டாம்.

இதுல இன்னொரு கூத்தும் உண்டு. தஸ்தயேவ்ஸ்கி கொடுத்திருந்த கடன் பத்திரங்களை ஸ்டெல்லோவ்ஸ்கி ஏற்கனவே மத்தவங்ககிட்ட அடிமாட்டு விலைக்கு வாங்கி வச்சிருந்தார், இவர் ஒரு கையால கொடுத்த மூவாயிரத்துல பெரும்பகுதி சுத்திக்கிட்டு வந்து இவரோட இன்னொரு கையிலயே விழுந்துச்சுன்னு அன்னா பிற்காலத்துல தன் நினைவுக் குறிப்புகள்ல எழுதியிருக்கார். அந்தச் சுருக்கெழுத்துப் பெண்தான் அன்னா. கடன்காரங்களுக்குக் கொடுத்தது போக எழுத்தாளர் கையில மிஞ்சினது 175 ரூபிள்.

அதை எடுத்துக்கிட்டு மனுஷன் எங்கே போனார்? ஜெர்மனியில வீஸ்பாடன் ஊருக்கு. ரூலட் ஆட! சில நாள்லயே எல்லாம் போச்சு. ஓட்டல்ல சாப்பாடு கிடையாது, டீ மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. துர்கேனெவுக்கு எழுதி 50 தாலர் கடன் வாங்கினார். அந்த ஓட்டல் அறையில, பசியோட, மாஸ்கோ பத்திரிகை ஆசிரியர் கத்கோவுக்கு ஒரு கதைச் சுருக்கம் எழுதி அனுப்பி முன்பணம் கேட்டார். அந்தச் சுருக்கம்தான் பின்னாடி 'குற்றமும் தண்டனையும்' ஆச்சு.

ஆக, சூதாட்டக்காரனைப் பத்தி நாவல் எழுதுறதுக்கு முன்னாடியே, தன்னோட 9 வருஷ எழுத்தை மேசை மேல வச்சு ஒரு பந்தயம் கட்டியாச்சு.

ரெண்டு நாவல், ஒரு கை

'சும்மா இருந்துட்டு கடைசி நேரத்துல எழுதினார்'னு சிலர் இந்தக் கதையைச் சொல்லுவாங்க. அது அநியாயம். 1866 முழுக்க அவர் 'குற்றமும் தண்டனையும்' எழுதிக்கிட்டிருந்தார். ஜனவரியிலேர்ந்து 'ரஷ்ய தூதன்' பத்திரிகையில தொடரா வந்துட்டிருந்துச்சு. அதுவும் முதல்ல எழுதுனதை 1865 நவம்பர்ல எரிச்சுட்டு, திரும்பப் புதுசா ஆரம்பிச்சது. எரிக்குறதுக்கு முன்னாடி கொலைகாரனே 'நான்'னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் படர்க்கைக்கு மாத்தினார். இந்த விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அந்தக் கோடையில மாஸ்கோ பக்கத்துல லூப்லினோங்கிற இடத்துல, தங்கச்சி குடும்பத்துக்குப் பக்கத்துல தங்கியிருந்தார். காலையில ஒரு நாவல், சாயங்காலம் இன்னொரு நாவல்னு நாலு மாசத்துல ரெண்டையும் முடிச்சுடலாம்னு திட்டம். திட்டம் என்னமோ அழகாத்தான் இருந்துச்சு. எல்லா ப்ராஜக்ட் ப்ளானும் அழகாத்தான் இருக்கும். 'குற்றமும் தண்டனையும்' அவரை முழுசா விழுங்கிடுச்சு. ஆனா ஜூலையில மில்யுகோவ்ங்கிற நண்பருக்கு எழுதின கடிதத்துல, ஸ்டெல்லோவ்ஸ்கிக்கான நாவலை இன்னும் ஆரம்பிக்கலை, ஆனா ஒரு சின்ன நாவலுக்கான திட்டம் போட்டு வச்சிருக்கேன்னு சொல்றார். எழுத்துதான் பூஜ்யம். திட்டம் தயார்.

அக்டோபர் 1-ஆம் தேதி மில்யுகோவ் வீட்டுக்கு வந்தப்போ கையெழுத்துப் பிரதியில ஒரு வரி கூட இல்லை. (இந்தத் தேதியெல்லாம் அப்போ ரஷ்யாவுல இருந்த பழைய நாட்காட்டிப்படி. ஐரோப்பாவுல அதுக்கு 12 நாள் கூட்டிக்கணும்.)

மில்யுகோவ் ஒரு யோசனை சொன்னார். நண்பர்கள் கொஞ்சம் பேர் சேருவோம், கதையைச் சொல்லு, ஆளுக்கு ரெண்டு அத்தியாயம் எழுதிடுறோம், நீ கடைசியில ஒட்டுப் போட்டு மெருகு ஏத்திடு. தஸ்தயேவ்ஸ்கி மறுத்துட்டார். இன்னொருத்தர் எழுதினதுல என் பேரைப் போட மாட்டேன்னுட்டார்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. மானம், கௌரவம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேலைக் கணக்குப்படி பாத்தாலும் அது சரியான முடிவு. ஃபிரெட் ப்ரூக்ஸ் 1975-ல எழுதின புத்தகம் எங்க தொழில்ல வேதம் மாதிரி. ஏற்கனவே லேட் ஆன ப்ராஜக்ட்ல புதுசா ஆளைச் சேத்தா இன்னும் லேட் ஆகும்ங்குறதுதான் அதோட சாரம். புது ஆளுக்கெல்லாம் கதையை விளக்கணும், ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்கு ஒத்துவரணும், ஒட்டுறதுக்கே ஒரு மாசம் போயிடும். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளயும் கை நுழையாது. அஞ்சாறு கை ஒண்ணா விட்டா அண்டாவே கவிழும்!

மில்யுகோவ் விடலை. ரெண்டாவது யோசனையா ஒரு ஸ்டெனோகிராஃபரை வச்சுக்கோன்னு சொன்னார். இது வேற மாதிரி உதவி. கதையை யோசிக்குற தலை ஒண்ணுதான், அதுல மாத்தம் இல்லை. தலையிலேர்ந்து காகிதத்துக்குப் போற பாதைதான் குறுகலா இருக்கு. அதை மட்டும் அகலப்படுத்துவோம்.

மூணு வருஷம் முன்னாடி

சரி, தலையில கதை எங்கேர்ந்து வந்துச்சு?

1863 செப்டம்பர். ரோம் நகரத்துலேர்ந்து ஸ்த்ராஹோவ்ங்கிற நண்பருக்கு தஸ்தயேவ்ஸ்கி ஒரு கடிதம் எழுதறார். கையில காசு இல்லை, 300 ரூபிள் முன்பணம் வேணும், எந்தப் பத்திரிகையாவது கிடைக்குமான்னு பாருங்க. அதுக்கு ஈடா ஒரு கதையோட சுருக்கத்தைச் சொல்றார். வெளிநாட்டுல திரியுற ஒரு ரஷ்யன், படிச்சவன், ஆனா எதையும் முழுசா முடிக்காதவன், தன்னோட சக்தி மொத்தத்தையும் ரூலட் மேசையில கொட்டுறவன். சிறை அனுபவத்தை வச்சு முன்னாடி எழுதின புத்தகம் ஜனங்களைக் கவர்ந்த மாதிரி, இந்தச் சூதாட்ட நரகமும் கவரும்னு விளக்குறார்.

'சூதாடி' நாவலைப் படிச்சவங்களுக்குத் தெரியும், அதுதான் இது. அலெக்ஸேய் இவானோவிச் வந்துட்டான். 26 நாள் ஓட்டம் ஆரம்பிக்குறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே!

அதுக்கான தகவல் சேகரிப்பு எப்படி நடந்துச்சுன்னு சொல்லவே வேண்டாம். அதே 1863 பயணத்துல வீஸ்பாடன்ல ஜெயிச்சார், பாடன்-பாடன்ல தோத்தார். கூட வந்தது அப்போலினாரியா சுஸ்லோவா. அந்தக் காதல் ரெண்டு பேரையும் படுத்தின பாடு தனிக்கதை. நாவல்ல கதாநாயகி பேரு பொலினா. மறைக்கக் கூட இல்லை பாருங்க. 1865-ல மறுபடி வீஸ்பாடன், மறுபடி தோல்வி. ரூலட் சக்கரம் சுத்துற சத்தம், எத்தனை மணிக்கு யார் வந்து உக்காருவாங்க, தோக்குறவன் முகம், பணம் கேட்டு எழுதுற கடிதத்தோட வாசகம் எல்லாம் உடம்புக்குள்ளயே இருந்துச்சு. எதையும் தேடிப் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

இன்னொண்ணும் கவனிங்க. இந்த நாவலுக்கு அவர் எடுத்துக்கிட்ட வடிவம் எது? ஒரே ஊரு, ரூலட்டன்பர்க்னு கற்பனைப் பேரு. ஓட்டல்ல தங்கியிருக்குற ஒரு ஜெனரல் குடும்பம். மாஸ்கோவுல இருக்குற கிழவி எப்போ சாவா, சொத்து எப்போ வரும்னு தந்திக்குக் காத்திருக்காங்க. கிழவியோ சாகாம, நாற்காலியில உக்காந்தபடியே ஊருக்கு வந்து இறங்கி, தானே சூதாடித் தோக்குறா. இது எல்லாத்தையும் அந்தக் குடும்பத்தோட ட்யூட்டர் 'நான்'னு தன் குறிப்புகளா எழுதறான்.

'குற்றமும் தண்டனையும்' நாவலுக்கு ஒத்துவராதுன்னு எரிச்சுட்டு மாத்தின அதே 'நான்' இங்கே திரும்ப வருது. இதை எல்லாம் உக்காந்து யோசிச்சு முடிவு பண்ணினாரான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா பலன் கண்ணுக்குத் தெரியுது. வாயால சொல்லிக் கட்டுற நாவலுக்கு 'நான்'ங்குற குரல் அம்சமா பொருந்தும். ஒருத்தன் மூச்சு விடாம தன் கதையைச் சொல்றான். கொஞ்சம் முன்னப்பின்ன போனாலும், ஒரே விஷயத்தைத் திருப்பிச் சொன்னாலும், அது அவன் சுபாவம்னு ஆயிடும். படர்க்கையில அந்தச் சலுகை கிடையாது.

அன்னா பக்கத்துத் தயாரிப்பு

இந்தக் கதையில எல்லாரும் விட்டுடுற பாதி இதுதான்.

1866-ல பீட்டர்ஸ்பர்க்ல சுருக்கெழுத்து புது விஷயம். பாவெல் ஓல்ஹின்னு ஒரு பேராசிரியர் சாயங்கால வகுப்பு ஆரம்பிச்சார். ஜெர்மன்காரர் காபெல்ஸ்பெர்கரோட முறை. நம்ம ஊர்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் படியேறி லோயர், ஹையர் பாஸ் பண்ணி பிட்மன் ஷார்ட்ஹேண்ட் கத்துக்கிட்ட தலைமுறைக்கு இந்தக் காட்சி உடனே புரியும். ஆரம்பத்துல சுமார் 150 பேர் சேர்ந்தாங்க, சில வாரத்துல 25 பேர்தான் மிஞ்சினாங்கன்னு அன்னா எழுதறார். கோடு கோடா கொக்கி கொக்கியா இருக்குறதைப் பாத்து மிரண்டு ஓடினவங்கதான் அதிகம்.

அன்னா க்ரிகோரியெவ்னா ஸ்நீத்கினாவும் ஓடியிருக்க வேண்டியவர்தான். அப்பாவுக்கு உடம்பு முடியலை. ஏப்ரல் கடைசியில அப்பா இறந்தும் போனார். வகுப்புக்கு ஒழுங்கா போக முடியலை. ஆனா ஓல்ஹின் விடலை. கோடை முழுக்க தபால்லயே பாடம் நடந்துச்சு. தம்பி தினமும் ஒரு மணி நேரம் போல வாசிப்பான், அக்கா சுருக்கெழுத்துல எழுதுவார். எழுதினதை ஓல்ஹினுக்கு அனுப்புவார். அவர் திருத்தி அனுப்புவார். துக்க வீட்டுல, யாரோட நாவலுக்காகன்னு தெரியாமலேயே, 20 வயசுப் பொண்ணு 'சூதாடி'க்குத் தயாராயிட்டிருந்தார்.

அக்டோபர் 3-ஆம் தேதி வகுப்புல ஓல்ஹின் ஒரு மடிச்ச சீட்டைக் கொடுத்தார். ஸ்தொல்யார்னி சந்து முனை, அலோன்கின் வீடு, 13-ஆம் எண், தஸ்தயேவ்ஸ்கியைக் கேக்கணும். கூலி மொத்தம் 50 ரூபிள். அன்னாவுக்கு அந்தப் பேர் புதுசு இல்லை. அப்பாவுக்குப் பிடிச்ச எழுத்தாளர். வீட்டுல இவரை 'நேத்தோச்கா'ன்னு தஸ்தயேவ்ஸ்கி கதாபாத்திரத்தோட பேரை வச்சே கூப்பிடுவாங்க. தொழில் தெரிஞ்ச ஆள், அதோட எழுத்தாளரோட நடையும் காதுல பழகின ஆள். 26 நாள் திட்டத்துக்கு இதைவிட வேற என்ன வேணும்?

அந்த 26 நாள்

அக்டோபர் 4. முதல் நாள் சொதப்பல்தான். ஒரு பத்திரிகையை எடுத்து தடதடன்னு வாசிச்சுச் சோதிச்சார். பேசுற வேகத்துல சொல்லுங்கன்னு அன்னா கேட்டுக்கிட்டார். எழுதினதைப் பாத்து, ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போச்சுன்னு எரிச்சல். இப்போ முடியாது, ராத்திரி எட்டு மணிக்கு வாங்கன்னு அனுப்பிட்டார். ஆம்பளையை அனுப்பாம உங்களை அனுப்பினது நல்லதாப் போச்சு, ஆம்பளைன்னா குடிச்சுட்டு வந்திருப்பான்னு வேற ஒரு பாராட்டு. ராத்திரி திரும்ப வந்தப்போதான் நாவலோட ஆரம்பம் காகிதத்துல ஏறுச்சு.

மறுநாள் அன்னா அரை மணி நேரம் லேட். அதுக்குள்ள தஸ்தயேவ்ஸ்கிக்கு உயிரே போயிடுச்சு. இந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டுப் போயிடுச்சு, நேத்து சொன்னதும் அதோட போச்சுன்னு பயந்துட்டார். பேக்கப் இல்லாத வேலையோட வலி 1866-லயும் அதேதான்!

சில நாள்ல ஒரு ஒழுங்கு அமைஞ்சுது. ராத்திரி தஸ்தயேவ்ஸ்கி உக்காந்து யோசிச்சு எழுதி வைப்பார். பகல் 12 மணிக்கு அன்னா வருவார். நாலு மணி வரைக்கும், நடுவுல டீயும் பேச்சுமா, ரெண்டு மூணு தவணையா டிக்டேஷன். சாயங்காலம் அன்னா வீட்டுக்குப் போய் சுருக்கெழுத்தை முழு எழுத்தா பெயர்த்து எழுதுவார். சில நாள் நடுராத்திரி தாண்டியும் நடக்கும். மறுநாள் காலையில நல்ல பிரதி வந்துடும், இவர் திருத்துவார்.

'சொல்லச் சொல்ல எழுதினார்'ங்குற சித்திரம் பாதிதான் சரின்னு இதுலேர்ந்து தெரியுது. முதல் சில நாளைக்கு அப்புறம் பெரும்பாலும் ராத்திரி எழுதின குறிப்பைப் பாத்துத்தான் சொன்னார். வாய்க்கு வந்ததைச் சொல்லலை. ஒரு நாளைக்கு மூணு ஷிஃப்ட்: யோசனை, பேச்சு, பெயர்ப்பு. மூணுல எது நின்னாலும் மறுநாள் நிக்கும்.

இடையில வீட்டுல காசு இல்லை. சைபீரியாவுலேர்ந்து கொண்டுவந்த சீனப் பூச்சாடிகள் ஒரு நாள் காணோம். எங்கேன்னு அன்னா கேட்டா, அடகுக் கடையில. அதுக்கப்புறம் வெள்ளிக் கரண்டிகளும் போய், மரக் கரண்டியால சாப்பிட்டுக்கிட்டிருந்தார். தினமும் எத்தனை பக்கம் ஏறியிருக்குன்னு எண்ணிப் பாப்பாங்களாம். எண்ணிக்கை கூடக் கூட ஆளுக்கு முகம் தெளிய ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் 'முடிக்க முடியுமா?'ன்னு இருந்த கேள்வி 'எப்போ முடியும்?'னு மாறுச்சு. டெட்லைன் பாத்தவங்களுக்கு இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவுல இருக்குற தூரம் தெரியும்.

அக்டோபர் 29-ல டிக்டேஷன் முடிஞ்சுது. 30-ஆம் தேதி, அவரோட 45-ஆவது பிறந்தநாள் அன்னிக்கு, அன்னா கடைசிப் பக்கங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். 31-ஆம் தேதி திருத்தம். கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம்.

ரசீது

இங்கே கதை முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா ஸ்டெல்லோவ்ஸ்கி லேசுப்பட்ட ஆள் இல்லை. பிரதியை வாங்கவே மாட்டான், ஒளிஞ்சுக்குவான்னு தஸ்தயேவ்ஸ்கிக்கு முன்னாடியே சந்தேகம். அன்னா இதை அம்மாகிட்ட சொல்ல, அம்மா தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைக் கேட்டு பதில் வாங்கினாங்க. நோட்டரிகிட்டயோ, ஸ்டெல்லோவ்ஸ்கி குடியிருக்குற வட்டாரத்து போலீஸ் அதிகாரிகிட்டயோ பிரதியை ஒப்படைச்சு, தேதி போட்ட அதிகாரபூர்வ ரசீது வாங்கிக்கணும்.

நவம்பர் 1. ஸ்டெல்லோவ்ஸ்கி வீட்டுல இல்லை, வெளியூர் போயிட்டார், எப்போ வருவார்னு தெரியாது. அலுவலகத்துல கேட்டா, எனக்கு உத்தரவு இல்லை, வாங்க மாட்டேன்னு மேலாளர் கையை விரிச்சுட்டார். நோட்டரிகிட்ட போக நேரம் தாண்டிடுச்சு. போலீஸ் ஸ்டேஷன்ல பொறுப்பான ஆள் இல்லை, சாயங்காலம் வாங்கன்னாங்க. கடைசியில ராத்திரி பத்து மணிக்கு வட்டார அதிகாரிகிட்ட பிரதியைக் கொடுத்து ரசீது வாங்கினார். கெடு முடிய ரெண்டு மணி நேரம்தான் பாக்கி!

26 நாள் உழைப்பைக் காப்பாத்தினது அந்த ஒரு துண்டுக் காகிதம். அது இல்லைன்னா நாவல் எழுதி முடிச்சும் தோத்திருப்பார். எழுதுறது ஒரு வேலை, ஒப்படைச்சதுக்கு அத்தாட்சி வாங்குறது இன்னொரு வேலை. ரெண்டாவது வேலையைப் பத்தி எழுத்தாளர்கள் பொதுவா யோசிக்குறதில்லை. இங்கே அதை யோசிச்சது ஒரு அம்மாவும் ஒரு வக்கீலும்.

கணக்கு

சரி, மொத்தமா கூட்டிப் பாப்போம். கதைக் கருவுக்கு மூணு வருஷம். களத்துக்கு ரெண்டு ஜெர்மன் பயணம், கைக்காசு மொத்தம். கோடையில போட்ட திட்டம். அன்னாவோட ஆறு மாச சுருக்கெழுத்துப் பயிற்சி. மில்யுகோவோட ரெண்டாவது யோசனை. இத்தனைக்கும் மேலதான் அந்த 26 நாள்.

1999-ல சான் பிரான்சிஸ்கோ பகுதியில கிறிஸ் பேட்டியும் நண்பர்களுமா 21 பேர் சேர்ந்து, ஒரு மாசத்துல நாவல் எழுதுவோம்னு விளையாட்டா ஆரம்பிச்சாங்க. அது 'நானோரைமோ'ங்கிற பேர்ல உலகம் முழுக்கப் பரவுச்சு. நவம்பர் 30 நாள்ல 50,000 வார்த்தை. அதை நடத்தின அமைப்பு 2025-ல மூடப்பட்டாலும், நவம்பர்ல நாவல் எழுதுற பழக்கம் பலர்கிட்ட இருக்கு. அவங்க எல்லாம் அக்டோபரைத் தயாரிப்பு மாசமா வச்சுக்குவாங்க. கதாபாத்திரப் பட்டியல், அத்தியாய வரிசை, அட்டவணைன்னு போகும். அதெல்லாம் தேவைதான். ஆனா தஸ்தயேவ்ஸ்கியோட அக்டோபரைப் பாத்தா எனக்குத் தோணுறது, அவசரமா எழுதணும்னா புதுசா கதை தேடக் கூடாது. ஏற்கனவே நம்மளை விடாம துரத்துற கதை எதுவோ அதை எடுக்கணும். யார்கிட்டயோ எப்பவோ கடிதத்துல சொல்லிட்டு விட்டுவச்ச கதையா இருந்தா இன்னும் நல்லது. சூதாடித் தோத்தாத்தான் நாவல் வரும்னு யாரும் கிளம்பிடாதீங்க :-) நம்ம எல்லாருக்கும் ஒரு வீஸ்பாடன் உண்டு. அது வாடகை வீட்டுச் சண்டையா இருக்கலாம், ஆஸ்பத்திரி வராந்தாவா இருக்கலாம்.

அப்புறம் அந்த ரெண்டு பேர்? நவம்பர் 8-ஆம் தேதி, தான் எழுதப்போற ஒரு கற்பனை நாவலைப் பத்திப் பேசுற மாதிரியே பேசி, தஸ்தயேவ்ஸ்கி கல்யாணத்துக்குக் கேட்டார். 1867 பிப்ரவரி 15-ல கல்யாணம். 'குற்றமும் தண்டனையும்' நாவலோட கடைசிப் பகுதியும் இதே மாதிரி அன்னாவோட பென்சில் வழியாத்தான் வந்துச்சு. ரூலட் பைத்தியம் உடனே விட்டுடலை, 1871 வரைக்கும் ஆட்டிப் படைச்சுது.

1873 ஜனவரியில, பதிப்பாளர்களே வேண்டாம்னு, அன்னா வீட்டுலேர்ந்தே 'பேய்கள்' நாவலை அச்சடிச்சு வித்தார். முதல் நாள் 115 பிரதி போச்சுன்னு கணக்கு எழுதி வச்சிருக்கார். மூவாயிரம் ரூபிளுக்கு 9 வருஷத்தை அடகு வச்ச ஆளோட புத்தகம் அது. இந்தத் தடவை லாபம் வேற யார் வீட்டுக்கும் போகலை.